மீன் காயவைக்கும் படிப்பு

“சோதனைச்சாலையில் அப்படி என்னதான் செய்கிறாய்?” என்று அப்பா கேட்கும்போதெல்லாம், “மீன் காயவைக்கிறேன், அப்பா” என்பேன். அவர் சிரித்ததில்லை. வேம்பாருக்கு அருகே கடற்கரையில் பிறந்தவர். வலையும் கருவாடும் தம்மோடு போகட்டும் என்று எண்ணி, மூன்று வயதுக் குழந்தையாகிய என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு வந்தவர். அலிபிரி போகும் சாலையோரம் இட்லிக்கடை போட்டு, அந்த வருவாயில் மகனை விலங்கியல் எம்.எஸ்ஸி. வரையில் ஏற்றிவிட்டவர். அப்படிப்பட்டவரிடம், பல்கலைக்கழகத்துக்குப் போய் மீன் காயவைக்கிறேன் என்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ஆனால், நண்பர்களே, நான் சொன்னது பொய் அன்று. இந்த ஓராண்டாக நான் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி அதுதான். மீனின் செவுளிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள நீரை மிச்சமில்லாமல் வெளியேற்றுவது. ‘திசுவின் நீர் நீக்கம்’ என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் நான் விழுந்து எழுந்த கதையைத்தான் சங்கத்தின் மலருக்கு எழுதித் தருமாறு நம் செயலாளர் கேட்டார். அறிவியல் மாணவனின் தமிழில் குறை இருந்தால் பொறுத்தருள்க. நான் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து எனக்கு வந்தது, பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அம்மா எழுதிக் காட்டியதால். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. அந்த எல்லை மலையின் அடிவாரத்தில் இட்லி விற்றுப் பிழைப்பவரின் பிள்ளைக்கு இவ்வளவு தமிழ் கிடைத்ததே பெரிது.

நீரை எதற்காக நீக்கவேண்டும் என்று கேட்பீர்கள். உயிருள்ள திசுவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்கவேண்டுமானால், ஒளி ஊடுருவிச் செல்லும்படி மெல்லிய ஏடாகச் சீவவேண்டும். எவ்வளவு மெல்லிய ஏடு? 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 200 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நன்றாகப் பழுத்த தக்காளியை மழுங்கிய அரிவாள்மணையில் அரிந்து பார்த்தவர்களுக்கு, குழைந்த பொருளைச் சீவுவது எத்தகைய வேலை என்று தெரியும். ஆகவே திசுவின் உள்ளே, ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும், கெட்டியாகும் பொருள் ஒன்றைப் புகுத்தவேண்டும். அந்தப் பொருள் பாரபின் மெழுகு. எட்வின் கிளெப்ஸ் என்னும் மருத்துவர் 1869-இல் இம்முறையை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்து மருத்துவமனைகளெல்லாம் இன்றும் அந்த மெழுகைத்தான் நம்பியிருக்கின்றன.

மெழுகுக்கும் நீருக்கும் ஆகாது. ஆனால் நீரோடு ஆல்கஹால் கலக்கும். ஆல்கஹாலோடு சைலீன் கலக்கும். சைலீனோடு மெழுகு கலக்கும். பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு வீட்டாரிடையே ஒரு செய்தி போகவேண்டுமானால் ஊரில் என்ன செய்வார்கள்? இவருக்கு வேண்டியவரைப் பிடித்து, அவருக்கு வேண்டியவரிடம் சொல்லி, அப்படித்தானே போகும்! நீர் வெளியேற ஆல்கஹால் உள்ளே வரும். ஆல்கஹால் வெளியேறச் சைலீன் உள்ளே வரும். சைலீன் வெளியேற, 60 பாகை வெப்பத்தில் உருகி நிற்கும் மெழுகு உள்ளே வரும். ஆறியதும் செவுளும் மெழுகும் ஒரே கட்டியாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு படி உண்டு. திசு அழுகாதபடி பார்மலினில் ஒருநாள் ஊறவேண்டும். பெர்டினாண்ட் பிளம் என்பவர் பார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தம் விரல்தோல் இறுகிப்போனதைக் கண்டு, திசுவையும் இது இறுக்கிக் காக்கும் என்று 1893-இல் எழுதினார். அவர் விரலுக்கு நேர்ந்தது எங்கள் விரல்களுக்கு நேராதபடி நாங்கள் இப்போது கையுறை போட்டுக்கொள்கிறோம்.

நிற்க. ஆல்கஹாலுக்கு வருவோம். திசுவை நீரிலிருந்து எடுத்து நேரே கலப்பில்லாத ஆல்கஹாலில் போட்டுவிட்டால் வேலை விரைவில் முடியுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தல் ஆகாது. முதலில் 30 விழுக்காடு, பிறகு 50, பிறகு 70, 80, 90, 95, கடைசியில் கலப்பில்லாத ஆல்கஹால், அதுவும் இரண்டு முறை. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். திடீரென்று மிகச் செறிந்த ஆல்கஹால் சூழ்ந்தால், வெளிப்புறத்து நீர் குபீரென்று வெளியேறி, மேற்பரப்பு சுருங்கி இறுகிவிடும். உட்புறத்து நீர் வழியின்றி மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலங்கள் இழுபட்டுப் பிய்யும். பொறுமையாகச் செய்தாலுமே, மெழுகுக்குள் போய்ச் சேர்வதற்குள் திசு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கும் சில வேளை அதற்கு மேலும் சுருங்கிவிடுகிறது. அவசரப்பட்டால் கேட்கவே வேண்டா.

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அல்லர், என் ஆச்சி. கோடை விடுமுறையில் ஊருக்குப் போவேன். கடற்கரை மணலுக்கு மேல் வலை விரித்து ஆச்சி மீன் பரப்புவாள். நெத்திலியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, கொட்டிவிட்டுப் போய்விடுவாள். கனத்த மீன் என்றால் அப்படி அன்று. கீறி, உப்பிட்டு, முதல் நாள் உச்சி வெயில் படாமல் ஓலைக்கீற்று மறைவில் வைப்பாள். “எடுத்த எடுப்பிலே வெயிலில் போட்டால் மேலே முறுகிப்போகும், உள்ளே புழு வைக்கும்” என்பாள். எழுத்தறியாத கிழவி. அவள் சொன்னதையே, பதினைந்து ஆண்டுகள் கழித்து, எங்கள் பேராசிரியை அம்மையார் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “என்ன சிரிப்பு?” என்றார். “எங்கள் ஆச்சி ஞாபகம், மேடம்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

எழுபது விழுக்காட்டுப் படியைப் பற்றித் தனியாக ஒரு சொல். மற்றப் படிகளில் நேரம் தவறக்கூடாது. கலப்பில்லாத ஆல்கஹாலில் அதிக நேரம் கிடந்தால் திசு மொறுமொறுவென்று உடையும். எழுபதில் மட்டும் நாட்கணக்கில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அலிபிரியில் தொடங்கும் 3550 படிகளில் நடுநடுவே மண்டபங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போல. அம்மா ஒருமுறை வேண்டுதலுக்காக அத்தனை படிகளுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினாள். ஒவ்வொரு படியிலும் குனிந்து நிமிர்ந்தாள். நான் சலித்துக்கொண்டு நாலு நாலு படியாகத் தாவிப் போய், மேலே ஒரு மண்டபத்தில் காத்துக் கிடந்தேன். அந்தத் தாவுகிற புத்தி அன்றும் போகவில்லை. சோதனைச்சாலைக்கும் கூடவே வந்தது.

இனி என் ஆராய்ச்சி. மதனப்பள்ளிப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடு ஏரிக்கு வந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி. விரல் நீள ரோகு மீன்கள் பன்னிரண்டு. ஆறு மீன்கள் குளோர்பைரிபாஸ் மிகச் சிறிதளவு கலந்த நீரில். ஆறு மீன்கள் நல்ல நீரில். நான்கு நாட்களுக்குப் பின் செவுளை எடுத்துப் பார்க்கவேண்டும். செவுளைப் போல் அழகிய உறுப்பு வேறு இல்லை என்பேன். சீப்பின் பற்களைப் போன்ற இதழ்கள். ஒவ்வோர் இதழின் இருபுறமும் இன்னும் நுண்ணிய இதழ்கள். அவற்றின் மேல் ஓரிரண்டு அடுக்கு உயிரணுக்களாலான படலம். அவ்வளவுதான், இரத்தத்துக்கும் ஏரிநீருக்கும் நடுவே நிற்கும் சுவர். நஞ்சு பட்டால் அந்தப் படலம் இதழைவிட்டு மேலெழும்பிக் கொப்புளம் போல் நிற்கும் என்று முன்னோர் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அதையே எதிர்பார்த்தேன்.

2024 நவம்பர். திங்கட்கிழமை என் கருத்தரங்கு. வியாழக்கிழமை வரையில் என் செவுள்கள் நீரிலிருந்து புறப்படவேயில்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையே நடந்த கிரிக்கெட் போட்டி. மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. மலை முழுவதும் மேகத்துக்குள் மறைந்துவிட்டது. வியாழன் காலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறைப்படி போனால் ஆல்கஹாலுக்கு ஒருநாள் முழுவதும் ஆகும். எனக்கோ அன்று மாலைக்குள் மெழுகு ஆகவேண்டும். முப்பதில் கால் மணி. ஐம்பதில் கால் மணி. அங்கிருந்து ஒரே தாவலாகக் கலப்பில்லாத ஆல்கஹால்.

அந்த ஆல்கஹாலிலும் ஒரு கோளாறு. ஆல்கஹாலையும் நீரையும் காய்ச்சி வடித்துப் பிரித்துக்கொண்டே போனால், எடையில் 95.6 விழுக்காடு வந்ததும் நின்றுவிடும். மிச்சமுள்ள சிறிதளவு நீர் ஆல்கஹாலோடு சேர்ந்தே ஆவியாகும், பிரியாது. அக்காலத்தில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு அதைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்படிப் பாடுபட்டு நீரை விரட்டிய ஆல்கஹாலை மூடியில்லாமல் வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். எங்கள் சோதனைச்சாலை உதவியாளர் புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்; சித்தூர்ச் சீமைக்கே உரிய, பாதி தெலுங்கான தமிழ் பேசுவார். அவர் மயில்துத்தத்தை வறுத்து, நீலம் போய் வெண்பொடி ஆனதும், அதைப் புட்டியின் அடியில் போட்டு, மேலே வடிதாளை வைத்திருப்பார். நீர் புகுந்தால் வெள்ளை மறுபடி நீலமாகும். “தம்பி, அது நீலமாச்சுன்னா அந்த சாராயம் உனக்கு உதவாது” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அந்தப் பொடி நீலமாகத்தான் இருந்தது. புதன்கிழமை மூடியைச் சரியாகப் போடாமல் ஓடியவன் நானேதான். நீலத்தைப் பார்த்தேன். பார்த்தும் ஊற்றினேன்.

சைலீனில் போட்டதும் பால் போல வெளுத்தது. அது ஓர் அறிவிப்பு. உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, திரும்பிப் போ என்று சொல்கிறது. புது ஆல்கஹாலுக்குத் திருப்பிக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் ஓரளவேனும் பிழைத்திருக்கும். நான் சைலீனைக் கொட்டிவிட்டு வேறு சைலீன் ஊற்றினேன். தெளிவாகத் தெரியும் வரையில் மூன்று முறை மாற்றினேன். திருடன் தடத்தை அழிப்பது போல.

வெள்ளிக்கிழமை மைக்ரோடோமில் வைத்துச் சீவினேன். நல்ல மெழுகுக்கட்டியிலிருந்து ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக வரும். அதைப் பார்ப்பதே கண்ணுக்கு விருந்து. என் கட்டிகளிலிருந்து வந்தது பொடி. நூறு ஏட்டில் பத்துத் தேறின. அவற்றை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயமிட்டேன். இங்கே ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். சாயம் ஏறுவதற்கு மெழுகைக் கரைத்துவிட்டு, மறுபடியும் ஆல்கஹால் படிகளின் வழியே இறங்கி, நீருக்கே திரும்பவேண்டும். அவ்வளவு பாடுபட்டு விரட்டிய நீரைச் சில நிமிடங்களுக்கு அழைத்து உட்காரவைத்து, சாயம் ஏறியதும் மறுபடி வெளியேற்றவேண்டும். அந்தச் சாயம், ஹெமட்டாக்சிலின், மெக்சிகோ நாட்டுப் பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வருவது. நம் சேஷாசல மலைச் செம்மரமும் ஒரு காலத்தில் சாயத்துக்காகவே கப்பலேறியது. அதன் சாயத்தை ஏன் நாம் இங்கே பயன்படுத்திப் பார்க்கக்கூடாது என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. அது வேறு கதை.

நஞ்சுநீர் மீனின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்தேன். என் மகிழ்ச்சியை என்னவென்பது! படலம் இதழைவிட்டு விலகிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. நூலில் உள்ள படத்தைப் பெயர்த்து வைத்தது போல. புகைப்படம் எடுத்தேன், அளவு குறித்தேன், அறைத்தோழனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். மாலையில்தான், ஏதோ கடமைக்கு, நல்ல நீரில் இருந்த மீனின் ஏட்டை எடுத்து வைத்தேன்.

அதிலும் படலம் விலகியிருந்தது. அதே கொப்புளம். அதே அழகு.

நஞ்சு செய்ததாக நான் எண்ணியதை என் அவசரம் செய்திருந்தது. அல்லது சிலவற்றை நஞ்சும், சிலவற்றை என் அவசரமும் செய்திருக்கலாம். எது எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு மீன்கள் உயிர்விட்டது அதற்காகவா?

இங்கே நான் மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். அன்றிரவு எனக்கு வந்த முதல் எண்ணம் வருத்தம் அன்று. நல்ல நீர் மீனின் ஏடுகளில் ஓரிரண்டு இடங்களில் படலம் ஒட்டியிருந்தது. அந்த இடங்களை மட்டும் படமெடுத்துப் போட்டால் போதுமே என்பதே முதல் எண்ணம். பொய்ப்படம் அன்று, உள்ள படந்தான். தேர்ந்தெடுத்தது நான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கருத்தரங்குத் தாளில் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியும்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று இரண்டு மாதமாக இருந்தது. வலி இல்லை என்பதால் அவர் கவனிக்கவில்லை. வலி இல்லாததாலேயே எனக்குப் பயம். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. கட்டியையே எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை எடுத்தார்கள். அரைமணி நேரத்தில் செவிலியர் வெளியே வந்து, சிறிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றை என் கையில் கொடுத்து, “மாடியில் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாங்க” என்றார்.

புட்டிக்குள் பார்மலின். பார்மலினுக்குள் அப்பாவின் துண்டு. வெண்சாம்பல் நிறம், மொச்சைக் கொட்டை அளவு. எத்தனையோ புட்டிகளை நான் கையில் எடுத்திருக்கிறேன். ஒன்றும் இப்படிக் கனத்ததில்லை. மூடி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறினேன்.

சன்னலுக்கு அப்பால் என் வயதுள்ள ஒருவர் இருந்தார். காதில் பாட்டுக் கருவி. புட்டியை வாங்கி, எண் எழுதி, பென்சிலால் சிறு சீட்டில் அதே எண்ணை எழுதி உள்ளே போட்டார். பென்சில்தான், மை என்றால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். அந்தப் பென்சில் எனக்குச் சிறிது ஆறுதல் அளித்தது. “ரிப்போர்ட் எப்போது?” என்று தெலுங்கில் கேட்டேன். “நாலு நாள்” என்றார். முன்னாலேயே வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவசரம் என்று சொன்னால் இவர் எந்தப் படியைத் தாவுவார் என்று எனக்குத் தெரியாதா?

கீழே அம்மா காத்திருந்தாள். “நாலு நாளா? இரத்தம் எடுத்தால் சாயங்காலமே சொல்லிவிடுகிறார்களே” என்றாள். அவளுக்கு மருத்துவமனை வாசற்படியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு முழுவதும் பார்மலினில் ஊறும். நாளை ஞாயிறு, ஊறிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை ஆல்கஹால். பெரிய மருத்துவமனைகளில் கை வேண்டா. இயந்திரமே ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு இரவெல்லாம் மாற்றிவிடும். ஆனால் இயந்திரத்திற்கும் அதே படிகள், அதே நேரம். பிறகு மெழுகு. பிறகு சீவல். பிறகு சாயம். பிறகு ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்ப்பார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஈரம் போகணும், அப்படித்தானே?” என்றாள். அப்படித்தான் என்றேன்.

அன்றிரவு கடையைக் கழுவிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தது. மலைப்பாதை விளக்குகள் வளைந்து வளைந்து மேலே போவது தெரிந்தது. சன்னலுக்கு அப்பால் இருந்த அந்த இளைஞரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏதேனும் விளையாட்டுப் போட்டி இருக்கலாம். அவர் கையிலும் வெண்பொடி நீலமாகியிருக்கும் ஒரு புட்டி இருக்கலாம். அவர் என்னைப் போன்றவராக இருந்துவிட்டால்? இழுபட்டுச் சுருங்கிய உயிரணுக்களை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன சொல்வார்? அந்த நெல்லிக்காய் இன்னொரு முறை கிடைக்குமா?

உள்ளே போய், கருத்தரங்குத் தாளிலிருந்து இரண்டு படங்களையும் பிய்த்தெடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியை அம்மையார் அறைக்குப் போனேன். நீலப்பொடி, பால் போன்ற சைலீன், தாவிய படிகள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏடுகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். “நஞ்சினால் வந்த கொப்புளமும் நம் கையால் வந்த கொப்புளமும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் நல்ல நீர் மீனைக் கூடவே வைக்கிறோம்” என்றார். பிறகு, “கருத்தரங்கில் இதையே பேசு” என்றார். பேசினேன். இருபது நிமிடம் என் தவறுகளையே பேசினேன். கேள்வி நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமானவர்கள் எழுந்தார்கள். ஆராய்ச்சி மாணவியாகிய அக்கா ஒருவர் கூட்டம் முடிந்தபின் தம் பழைய ஏடுகளை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை ரிப்போர்ட் வந்தது. பிரித்துப் படிக்கும்போது எழுத்துகள் ஆடின. காசநோய். நிணநீர்க்கட்டியில் காசநோய்; புற்று அன்று. எப்பிதீலாய்டு உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக இருப்பதையும், நடுவே பாலாடைக்கட்டி போல் சிதைந்த பகுதியையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் மாத்திரை. அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. மார்பின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கழுத்துக் கட்டியிலுள்ள நோய் மூச்சுக்காற்றால் பிறருக்குப் பரவுவதில்லை என்று மருத்துவர் இருமுறை சொன்ன பிறகே அப்பா மறுபடி அடுப்பருகே போனார். காசநோய் என்ற செய்தி கேட்டு ஒரு குடும்பம் இனிப்பு வாங்கித் தின்றது என்றால் நம்புவீர்களா? நாங்கள் தின்றோம்.

அந்த ஏட்டைப் பார்க்க எனக்கு ஆசை. மேலே போய்க் கேட்டேன். நானும் இந்தத் தொழிலைப் படிப்பவன் என்றேன். அதே இளைஞர் சிறிது தயங்கி, உள்ளே கேட்டுவிட்டு, காட்டினார். ஓர் உயிரணுவும் சுருங்கவில்லை. ஓரங்கள் பிய்யவில்லை. ஏட்டில் ஒரு மடிப்புக்கூட இல்லை. “நன்றாக வந்திருக்கிறது” என்றேன். அவர் காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுத்துவிட்டு, “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன். அந்த வேலையைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை போலும். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

2025 சனவரியில் புதிதாகப் பன்னிரண்டு மீன்கள். இம்முறை எல்லாப் படிகளும் ஏறினேன். வெண்பொடி வெண்பொடியாகவே இருந்தது. நல்ல நீர் மீன்களின் செவுளில் படலம் ஒட்டியே நின்றது. நஞ்சுநீர் மீன்கள் ஆறில் நான்கில் அங்கங்கே விலகியிருந்தது, இரண்டில் விலகவேயில்லை. பாடநூல் படம் போன்ற முடிவு அன்று. முதலில் கிடைத்த அந்த அழகிய கொப்புளங்களை நினைத்தால் இன்றும் சிறிது ஏக்கம் வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா மாத்திரைகளை முடித்துவிட்டார். கழுத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. சென்ற வாரம் மாவரைத்துக்கொண்டே, “அந்த மேல் மாடிக்காரன் என் கட்டியையும் கருவாடு மாதிரிதான் காயவைத்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “முதல் நாளே வெயிலில் போடவில்லையே?” என்றார். இல்லை என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

இந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமை மாலை சோதனைச்சாலையிலேயே எழுதி முடிக்கிறேன். செவுள் முடிந்துவிட்டது, இப்போது ஈரல். பன்னிரண்டு சிறு புட்டிகள், பென்சில் சீட்டுகளோடு, எழுபதில் நிற்கின்றன. நாளையும் மறுநாளும் கடையில் கூட்டம் அதிகம். அப்பாவுக்குக் கை வேண்டும். திங்கட்கிழமை காலை வந்து எண்பதுக்கு மாற்றவேண்டும்.